கரூர் எந்தக் கலெக்டரிடம் இருந்தது? கும்பினிக் (கிழக்கிந்தியக் கம்பெனி) காலத்து ஜில்லா, தாலுகா எல்லைகள்: விவாத இழை

4 பிப்ரவரி, காலை. கொங்குவாசி

கரூர்ப் பக்கத்து ஊர் ஒன்றின் பழைய தாள்கள் மூன்று. ஒன்றில் கோயம்புத்தூர் ஜில்லா கரூர் தாலுகா என்று இருக்கிறது. இன்னொன்றில் திருச்சிராப்பள்ளி ஜில்லா கரூர் தாலுகா. மூன்றாவதில் ஜில்லாவே இல்லை. தாலுகா, ஊர், பசலி (வரிக் கணக்காண்டு) 1211, அவ்வளவுதான். 1801 ஜூலையில் ஆற்காட்டு நவாபிடமிருந்து தமிழ்ச் சீமை முழுவதையும் கும்பினி வாங்கியது, அளந்தது, மாவட்டம் மாவட்டமாகப் பிரித்தது. அதன்பின் 1947 வரை பெரிதாக எதுவும் மாறவில்லை. ஆகவே தாள் எழுதியவர்கள்தான் குழப்பியிருக்கிறார்கள் என்பது என் முடிவு. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

4 பிப்ரவரி, மதியம். எல்லைக்கல்

மறுப்பு உண்டு. மூன்று தாளுமே சரியாக இருக்கலாம்.

முதலில், கரூர் நவாபின் சீமையே இல்லை. அது மைசூருக்குக் கட்டுப்பட்டிருந்தது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு கொங்குச் சீமை கும்பினிக்கு வந்தபோது கரூரும் வந்தது. 1801 ஜூலை 31 ஒப்பந்தத்துக்கும் கரூருக்கும் சம்பந்தம் கிடையாது.

இரண்டாவது, பசலி 1211-ல் கோயம்புத்தூர் ஜில்லா என்று ஒன்று கிடையாது. 1799 முதல் கொங்குச் சீமை இரண்டு கலெக்டர்களிடம் இருந்தது. வடபாதிக்கு மேஜர் மக்லியாட், பவானியில் கச்சேரி (அலுவலகம்). தென்பாதிக்கு ஹர்டிஸ், தாராபுரத்தில் கச்சேரி. 1804-ல்தான் இரண்டையும் சேர்த்து கோயம்புத்தூரைத் தலைநகராக்கினார்கள். அதற்கு முன் எழுதிய தாளில் ஜில்லா பெயர் விடுபட்டிருப்பதில் வியப்பில்லை.

மூன்றாவது, 1910-ல் கரூர் தாலுகாவைக் கோயம்புத்தூரிலிருந்து எடுத்துத் திருச்சியோடு சேர்த்தார்கள். ஆக உங்கள் திருச்சி தாள் 1910-க்குப் பிந்தியது. தேதியைப் பார்த்துச் சொல்லுங்கள்.

4 பிப்ரவரி, இரவு. கொங்குவாசி

திருச்சி தாள் 1923. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "அளந்து பிரித்தது" என்பதையும் மறுக்கிறீர்களா?

5 பிப்ரவரி. எல்லைக்கல்

ஆமாம், அதைத்தான் முக்கியமாக மறுக்கிறேன். கும்பினியின் மாவட்டம் வரைபடத்திலிருந்து பிறக்கவில்லை. எந்த ஆண்டு, யாரிடமிருந்து, எந்த ஒப்பந்தத்தில் ஒரு சீமை வந்ததோ அதுவே மாவட்டத்தின் முதல் உருவம். அளவை அதற்குப் பின்னால் வந்தது, சில இடங்களில் அறுபது ஆண்டுகள் கழித்து.

வந்த வரிசை இது. 1763-ல் நவாப் முகமது அலி சென்னையைச் சுற்றிய சீமையை ஜாகீராக (வருவாய் உரிமையோடு கூடிய மானியமாக) கொடுத்தார். 1765-ல் டில்லி பாதுஷா ஷா ஆலம் அதை உறுதிசெய்தார். அதுதான் பிற்காலச் செங்கல்பட்டு. அதே 1765 பர்மானில் (பாதுஷாவின் ஆணை) வடசர்க்கார்கள், அதாவது ஆந்திரக் கடற்கரைச் சீமைகள்: சிக்காகோல், ராஜமுந்திரி, ஏலூர், கொண்டபள்ளி, குண்டூர். இதில் குண்டூர் மட்டும் நிஜாமின் சகோதரர் பசாலத் ஜங்கின் ஆயுள் வரை அவரிடமே இருந்து 1788-ல்தான் கைக்கு வந்தது. 1792-ல் திப்புவிடமிருந்து பாராமகால், சேலம், திண்டுக்கல், மலபார். 1799-ல் மீண்டும் மைசூரிடமிருந்து கோயம்புத்தூர், கன்னடம் (கனரா கடற்கரை), ஓசூர்ப் பக்கம். அதே ஆண்டு அக்டோபரில் இரண்டாம் சரபோஜியுடன் உடன்படிக்கை, தஞ்சை. 1800-ல் நிஜாமிடமிருந்து பெல்லாரி, கடப்பை வட்டாரம். 1801 ஜூலை 31-ல் நவாப் அசீம் உத் தௌலாவிடமிருந்து நெல்லூர், ஆற்காடு, திருச்சி, மதுரை, திருநெல்வேலி.

ஆக நவாப் கையெழுத்து போட்ட நாளில் இன்றைய தமிழ்நாட்டின் வடமேற்கு, மேற்கு, காவிரிக் கழிமுகம், சென்னைச் சுற்றுவட்டாரம் எல்லாம் ஏற்கெனவே கும்பினியிடம் இருந்தன.

இன்றைய சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தைப் பாருங்கள். பழைய சேலம் ஜில்லாவுக்குள் மூன்று துண்டுகள்: பாராமகால், தாலாகாட், பாலாகாட். முதல் இரண்டும் 1792-ல் வந்தவை. மலைக்கு மேலே இருக்கும் ஓசூர்ப் பக்கமான பாலாகாட் 1799-ல் வந்தது. தையல் இன்றும் தெரிகிறது. ஓசூர் ஒரு மண், கீழே கிருஷ்ணகிரி வேறு மண். அவற்றை ஒரே கச்சேரிக்குக் கீழ் கொண்டுவந்தது ஏழு ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு போர்கள்.

5 பிப்ரவரி, சற்றுப் பின். எல்லைக்கல்

மேலே சொன்னதற்கு ஒரு சேர்க்கை, இதுதான் கருவான விஷயம். 1792 உடன்படிக்கையில் திப்பு பாதி ராஜ்ஜியத்தைக் கொடுத்தார் என்கிறோம். எதில் பாதி? பரப்பில் இல்லை, வருமானத்தில். தாலுகா தாலுகாவாகப் பெயர் எழுதி, எதிரே கண்டீரவ வராகனில் (மைசூர்ப் பொன் நாணயம்) ஜமா (வரி வருமானம்) எழுதி, கூட்டுத்தொகையைப் பார்த்துப் பங்கு போட்டார்கள். எல்லைக்கோடு என்று ஒரு வரியும் அந்தப் பட்டியலில் கிடையாது. ஒரு தாலுகா என்றால் அந்தக் கச்சேரிக்கு வரி கட்டும் ஊர்களின் தொகுப்பு. ஓர் ஊர் பத்து மைல் தள்ளி இருந்தாலும், நடுவில் வேறு தாலுகா கிடந்தாலும், பணம் எங்கே போகிறதோ அதுவே அதன் தாலுகா. 1799-லும் இதே முறைதான்.

பிற்கால வரைபடங்களில் ஒரு தாலுகாவுக்குள் இன்னொரு தாலுகாவின் ஊர்கள் தீவுபோல் கிடப்பதற்குக் காரணம் இதுதான். வரைந்தவர் பிசகவில்லை. பழைய ஜமாப் பட்டியல் அப்படியே நிலத்தின்மேல் இறங்கியிருக்கிறது.

6 பிப்ரவரி. சுவடிப்பெட்டி

எல்லைக்கல் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் "அளவை பின்னால்தான் வந்தது" என்பது ஜாகீருக்குப் பொருந்தாது. 1767 தொடங்கி 1770-களின் முற்பகுதி வரை தாமஸ் பர்னார்டு ஜாகீரை ஊர் ஊராக அளந்தார். ஏறக்குறைய 2,000 ஊர். ஒவ்வொன்றுக்கும் வீடுகள், குலவாரி (சாதிவாரிக் கணக்கு), ஏரி, புன்செய், நன்செய், மானியம், கோயிலுக்கும் தலையாரிக்கும் வெட்டியானுக்கும் போகும் பங்கு வரை எழுதியிருக்கிறது. ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதிய மூலக் கணக்குகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

பரப்பைக் காணியில் எழுதுவார்கள். 24 அடி சதுரம் ஒரு குழி, 100 குழி ஒரு காணி; அதாவது 57,600 சதுர அடி, ஏக்கரில் 1.32. இது சென்னைக் காணி. வேறு சீமைக்குப் போனால் குழியின் அளவே மாறும். தஞ்சாவூரில் வேலி, கொங்கில் வள்ளம். ஒன்றின் காணியை இன்னொன்றின் காணியாக எடுத்துக் கூட்டினால் பரப்பு தாறுமாறாகும்.

6 பிப்ரவரி. எல்லைக்கல்

நல்ல திருத்தம். ஜாகீர் விதிவிலக்குதான். ஆனால் அளந்தபோது அந்தச் சீமையை ஆண்டது யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கும்பினி ஜாகீரை வாங்கி, அதை நவாபுக்கே குத்தகைக்கு விட்டிருந்தது. 1780-ல் ஹைதர் படை வந்து ஊர்களைச் சூறையாடும் வரை வரி வசூலித்தது நவாபின் ஆட்கள். அதாவது பர்னார்டு கும்பினிக்காக அளந்தார், கும்பினியின் கலெக்டர் எவரும் அந்த ஊர்களில் கிடையாது. 1780-களில்தான் நேரடி நிர்வாகம் தொடங்குகிறது.

லயனல் பிளேஸ் 1794 முதல் 1798 வரை ஜாகீர் கலெக்டர், கருங்குழியில் இருந்து பார்த்தார். மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயிலுக்குப் போகிறவர்கள் தாயார் சன்னதியில் உள்ள கல்லெழுத்தைப் படித்துப் பாருங்கள். "கும்பினி ஜாகீர் கலெக்டர்" என்றே அவரைக் குறித்திருக்கிறது. பதவியின் பெயரிலேயே அந்தச் சீமை எப்படி வந்தது என்பது ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவரைக் கர்னல் என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. அவர் படை அதிகாரி இல்லை, சிவில் உத்தியோகஸ்தர்.

6 பிப்ரவரி, இரவு. சுவடிப்பெட்டி

சிவில், படை என்ற பிரிவு இங்கே பெரிய விஷயம். பாராமகாலுக்கு 1792-ல் கேப்டன் அலெக்சாண்டர் ரீடு, அவருக்குக் கீழ் மன்றோ, மக்லியாட், கிரகாம். நால்வரும் படை ஆட்கள். கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் அவர்களை அனுப்பியதற்குக் காரணம், சென்னையில் இருந்த சிவில் உத்தியோகஸ்தர்களுக்கு ஊர்ப்பாஷை தெரியாது, துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) இல்லாமல் ஒரு ஊர்க் கணக்கைப் பார்க்கத் தெரியாது. ரீடு திருப்பத்தூரில் இருந்தார். மன்றோ தர்மபுரி, கிரகாம் கிருஷ்ணகிரி, மக்லியாட் சேலம். இன்றைய மூன்று மாவட்டத் தலைநகரங்களும் அன்று மூன்று உதவியாளர்கள் உட்கார்ந்த இடங்கள். 1792-ல் மூன்றாகக் கிடந்தது சேலம் ஜில்லாவாக ஒன்றாகி, 1965-ல் தர்மபுரியும் 2004-ல் கிருஷ்ணகிரியும் மறுபடி பிரிந்தன.

7 பிப்ரவரி. எல்லைக்கல்

இதிலிருந்து ஒரு முடிவுக்கு வருகிறேன், 5-ஆம் தேதி எழுதியதைவிடத் தெளிவாக. 1790-களிலும் 1800-களின் முதல் பத்தாண்டிலும் "கலெக்டரேட்" ஓர் ஆளிடம் ஒப்படைத்த பொறுப்பு. ஆள் மாறினால் எல்லை மாறும். ஆள் திறமையானவர் என்றால் பக்கத்துச் சீமையையும் அவரிடம் கொடுப்பார்கள். மன்றோவைக் கன்னடத்திலிருந்து எடுத்து நிஜாம் கொடுத்த சீமைக்கு 1800-ல் பிரதான கலெக்டராக்கினார்கள். அவர் அனந்தபுரத்தில், கீழே நான்கு துணைக் கலெக்டர்கள். ஒரே ஜில்லாவாக அவ்வளவு பெரிய நிலத்தை அவர் வைத்திருந்தார். 1807-ல் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1808-ல் அதைப் பெல்லாரி, கடப்பை என இரண்டாக்கிவிட்டார்கள். ஆறோ மலையோ அந்தப் பிரிவினைக்குக் காரணம் இல்லை. அவ்வளவு பெரிய நிலத்தை ஒருவரே தாங்குவார் என்று நம்ப இன்னொரு ஆள் அகப்படவில்லை.

ஆகவே 1810-க்கு முன் எழுதிய தாளில் "இது எந்த மாவட்டம்" என்று கேட்பதைவிட "இது யார் கச்சேரி" என்று கேட்டால் விடை சீக்கிரம் கிடைக்கும்.

7 பிப்ரவரி. தாமிரபரணிக்கரை

திருநெல்வேலிக்கு இந்தக் கேள்வியைக் கேட்டால் இரண்டு விடை வரும். 1792 ஒப்பந்தப்படி சர்க்கார் ஊர்களின் வரி நவாபுக்கு, பாளையங்களின் பேஷ்கஷ் (கப்பம்) கும்பினிக்கு. நவாபின் அமுல்தார் (வரி அதிகாரி) ஒரு பக்கம் வசூல் செய்கிறார், கும்பினியின் கலெக்டர் மறுபக்கம் பாளையக்காரர்களிடம் கேட்கிறார். ஒரே வாய்க்காலின் இரண்டு கரையில் இரண்டு ராஜாங்கம். பாளையக்காரர் பாளையத்துக்கு வெளியே சர்க்கார் ஊர்களில் வாங்கிவந்த தேசகாவல், ஸ்தலகாவல் பணம் (காவல் கட்டணம்) யாருடையது என்பதில் ஓயாத தகராறு. ஊர் நவாபுடையது, வாங்குகிறவர் கும்பினிக்குக் கட்டுப்பட்டவர்.

1798-ல் ஜாக்சன் கட்டபொம்மனை இராமநாதபுரத்துக்கு வரச்சொன்னதை எல்லோரும் சொல்கிறோம். பாஞ்சாலங்குறிச்சிக்காரரை ஏன் இராமநாதபுரத்துக்குக் கூப்பிட வேண்டும்? பாளைய பேஷ்கஷ் கலெக்டரின் இருக்கை அங்கே. அவருடைய "ஜில்லா" சிதறிக் கிடந்த பாளையங்கள். நடுவில் இருந்த சர்க்கார் ஊர்கள் அவர் அதிகாரத்தில் வராது. இந்த இரட்டை அமைப்பு 1801 ஜூலையோடு தீர்ந்தது. பசலி 1211-தான் திருநெல்வேலி முழுவதும் ஒரே கச்சேரிக்குப் போன முதல் கணக்காண்டு.

7 பிப்ரவரி, இரவு. கொங்குவாசி

என் தாளும் பசலி 1211. அதை 1801 என்று எடுத்துக்கொள்ளலாமா, 1802 என்றா? தாளில் துன்மதி வருஷம் தை மாதம் என்றும் இருக்கிறது.

8 பிப்ரவரி. சுவடிப்பெட்டி

பசலியோடு 590 கூட்டினால் தொடங்கும் ஆண்டு, 591 கூட்டினால் முடியும் ஆண்டு. 1211 என்றால் 1801 ஜூலை முதல் 1802 ஜூலை வரை. இப்போது பசலி ஜூலை 1-ல் பிறக்கிறது; 1855-க்கு முன் ஆடிப் பிறப்பை ஒட்டி ஜூலை 12-ல். ஆகவே பழைய தாளில் ஜூலை 12-க்கு முந்திய ஜூலைத் தேதி வந்தால் முந்தைய பசலியில் வைக்க வேண்டும். இது அடிக்கடி தவறும் இடம்.

தமிழ் வருஷத்தை வைத்துச் சரிபாருங்கள். துன்மதி 1801 ஏப்ரல் முதல் 1802 ஏப்ரல் வரை. அதன் தை, பசலி 1211-க்குள் விழுகிறது, 1802 ஜனவரி. இரண்டும் பொருந்துகின்றன. பொருந்தாவிட்டால் இரண்டில் ஒன்று பிற்காலத்தில் நகல் எடுத்தவர் சேர்த்தது என்று சந்தேகப்படலாம். துன்மதி மட்டும் எழுதிப் பசலி இல்லாத தாள் ஆபத்தானது, 1861-ம் துன்மதிதான். அறுபது ஆண்டு வித்தியாசத்தில் ஜில்லா மாறிவிடும், நாணயமும் மாறிவிடும்.

ஒவ்வொரு சீமைக்கும் கும்பினியின் முதல் பசலி எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது: பாராமகால், சேலம், திண்டுக்கல் 1202, கொங்கு, தஞ்சாவூர் 1209, நிஜாம் கொடுத்த சீமை 1210, ஆற்காடு, திருச்சி, திருநெல்வேலி 1211. அதற்கு முந்திய பசலியில் கும்பினிக் கலெக்டரின் பெயர் வந்தால் இரண்டு முறை பாருங்கள். விலக்கு உண்டு: 1781 முதல் 1785 வரையும், 1790 போரின்போதும் நவாபின் வருவாயைக் கும்பினி தற்காலிகமாக எடுத்துக்கொண்டது.

8 பிப்ரவரி. எல்லைக்கல்

நாணயம் பற்றிச் சுவடிப்பெட்டி தொட்டதால் இதையும் எழுதிவிடுகிறேன். 1818-க்கு முன் கும்பினிக் கணக்கு நட்சத்திர வராகனில். 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். கடைவீதியில் வராகனுக்கு 44, 45 என்று பணம் ஏறி இறங்கும். கணக்குப் புத்தகத்தில் 42 நிலையானது. 1818-ல் ரூபாய்க்கு மாறியபோது 100 வராகனுக்கு 350 ரூபாய்.

ஓர் உதாரணம்: 240 வராகன் 21 பணம் என்று ஓர் ஊரின் பேரீஸ் (மொத்த வரித்தொகை) இருந்தால், 21 பணம் அரை வராகன், ஆக 240.5, மூன்றரையால் பெருக்கினால் 841 ரூபாய் 12 அணா. பணத்தை 45-ஆல் வகுத்தால் 841 ரூபாய் 10 அணா வரும். வித்தியாசம் சின்னதுதான், ஆனால் தாலுகாக் கூட்டுத்தொகை ஒட்டாது. ஒரு பத்தியின் அடியில் பணம் எத்தனையில் வராகனாக ஏறுகிறது என்று பாருங்கள். அது 42 என்றால் கும்பினிக் கணக்கு. கொங்கு, சேலம் ஊர்களில் 10 பணத்துக்கு ஒரு வராகன் ஏறினால் அது கண்டீரவ வராகன், மைசூர்ப் பழக்கம் இன்னும் மாறவில்லை என்று பொருள். அதை நட்சத்திர வராகன் என்று எண்ணி 3.5-ஆல் பெருக்கக்கூடாது, அதன் மதிப்பு குறைவு.

9 பிப்ரவரி. கொங்குவாசி

வேறொரு குழப்பம். கும்பகோணம் ஜில்லா என்று ஒரு நீதிமன்றத் தாளில் பார்த்தேன். கும்பகோணம் எப்போது ஜில்லா ஆனது?

9 பிப்ரவரி. எல்லைக்கல்

அது கோர்ட்டின் ஜில்லா. 1802 ரெகுலேஷன்கள் வருவாயையும் நீதியையும் பிரித்துவிட்டன. வரி கலெக்டரிடம், வழக்கும் போலீசும் ஜில்லா ஜட்ஜிடம். ஜில்லா கோர்ட் எங்கே உட்கார்ந்ததோ அந்த ஊரின் பெயர் ஜில்லாவுக்கு. தஞ்சைச் சீமைக்கான கோர்ட் கும்பகோணத்தில், ஆகவே கும்பகோணம் ஜில்லா. அதே சீமையின் கலெக்டர் நாகப்பட்டினத்தில் இருந்தார். 1845-ல் டேனிஷ்காரர்களிடமிருந்து தரங்கம்பாடி கைக்கு வந்ததும் கலெக்டர் அங்கே போனார், 1860 வாக்கில்தான் தஞ்சாவூருக்கு. ஒரு மிராசுதாருக்குக் கிஸ்தி (வரித் தவணை) கட்ட ஓர் ஊர், வழக்காட வேறோர் ஊர்.

ஜில்லா கோர்ட்டுக்கு மேலே நான்கு மாகாண அப்பீல் கோர்ட்டுகள்: மசூலிப்பட்டினம், சித்தூர், திருச்சி, தலச்சேரி. அதற்கு மேலே சென்னையில் சதர் அதாலத் (தலைமை அப்பீல் கோர்ட்). சென்னைப் பட்டணத்துக்கு மட்டும் சுப்ரீம் கோர்ட், அது வேறு சட்டம். பட்டணத்து எல்லையைத் தாண்டினால் வழக்கு வேறு உலகத்துக்குப் போய்விடும். இரண்டும் ஹைகோர்ட்டில் ஒன்றுசேர்ந்தது 1862-ல்.

1816-ல் மன்றோவின் யோசனைப்படி மாஜிஸ்டிரேட் அதிகாரமும் போலீசும் ஜட்ஜிடமிருந்து கலெக்டருக்குத் திரும்பின. கிராம முன்சீப், ஜில்லா முன்சீப் எல்லாம் அந்த ஆண்டு ரெகுலேஷன்கள்தான். தாளில் தரோகா என்று போலீஸ்காரர் வந்தால் 1816-க்கு முந்தியது என்று ஊகிக்கலாம். கிராம முன்சீப் வந்தால் பிந்தியது.

9 பிப்ரவரி, இரவு. சுவடிப்பெட்டி

இன்னொரு அடுக்கும் உண்டு, அதை மறக்கிறோம். கும்பினி வியாபாரிதானே. துணி வாங்க வணிக ரெசிடெண்டுகள் (கும்பினியின் வணிக அதிகாரிகள்) சேலம், கடலூர், கோதாவரிக் கரையில் இஞ்சரம் போன்ற இடங்களில் இருந்தார்கள். அவர்களுக்கு மேலதிகாரி வணிக போர்டு. கலெக்டருக்கு மேலதிகாரி 1786-ல் ஏற்பட்ட ரெவின்யூ போர்டு. நெசவாளருக்கு முன்பணம் கொடுத்தவர் ரெசிடெண்டு, அதே நெசவாளரிடம் தறிக்கு மொதர்பா (தொழில்) வரி கேட்டவர் கலெக்டர். முன்பணம் வாங்கியவரைக் கலெக்டரின் பியூன் பிடித்துப் போனால் துணி நிற்கும். ரெசிடெண்டு காப்பாற்றினால் வரி நிற்கும். இருவரும் போர்டுகளுக்குப் புகார் எழுதினார்கள். ரெசிடெண்டின் வட்டம் தறி இருக்கும் ஊர்களைப் பின்பற்றிப் போனது, தாலுகா எல்லையை அது மதிக்கவில்லை.

10 பிப்ரவரி. தாமிரபரணிக்கரை

1763-க்கு முன் என்ன இருந்தது என்று யாரும் எழுதவில்லை. சென்னையில் ஊர் ஊராக வாங்கிய காலம் அது. எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை 1693-ல். நுங்கம்பாக்கம், திருவொற்றியூர், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு 1708-ல். வேப்பேரி, பெரம்பூர் 1742-ல். சாந்தோம் 1749-ல்.

கடலூர் இன்னும் விசேஷம். 1690-ல் செஞ்சியிலிருந்த மராத்தியரிடம் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை கும்பினிக்கு என்று ஒப்பந்தம். சென்னையிலிருந்து நல்ல பித்தளைப் பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுபோய் நாலா பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த வட்டத்துக்குள் கடலூர்ப் பட்டணமும் சுற்றி உள்ள ஊர்களும் அகப்பட்டன. அவற்றைக் குண்டு கிராமங்கள் என்பார்கள். குண்டு உப்பலவாடி என்று இன்றும் ஓர் ஊர் இருக்கிறது.

10 பிப்ரவரி. எல்லைக்கல்

எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டில் கும்பினி தூரத்தை வைத்து எல்லை போட்ட ஒரே இடம் அதுதான். மற்ற இடமெல்லாம் ஜமா.

கடற்கரையில் ஓட்டைகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். பழவேற்காடும் சதுரங்கப்பட்டினமும் டச்சுக்காரரிடமிருந்து நிலையாகக் கைக்கு வந்தது 1825-ல். தரங்கம்பாடி 1845. புதுச்சேரி, காரைக்கால் போரின்போது பிடிபட்டு, சமாதானத்துக்குப் பின் 1816 வாக்கில் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பின. இந்தப் பிரெஞ்சு ஊர்களின் 1793–1816 தாள்களைக் கும்பினிப் பக்கமும் தேட வேண்டும். புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமை எந்தக் கலெக்டரேட்டிலும் கிடையாது.

11 பிப்ரவரி. கொங்குவாசி

சரி, இதையெல்லாம் வைத்து ஓர் ஊரைத் தேட வேண்டும் என்றால் எங்கே தொடங்குவது? வரிசையாகச் சொல்லுங்கள்.

11 பிப்ரவரி. எல்லைக்கல்

முதலில் ஊர் 1790 வாக்கில் யாரிடம் இருந்தது என்று தீர்மானியுங்கள்: மைசூர், நவாப், தஞ்சை, பாளையம், ஜாகீர். அதிலேயே முதல் பசலி தெரிந்துவிடும்.

அடுத்து அன்றைய தாலுகா. இன்றைய தாலுகாப் பெயரைக் கொண்டு தேடாதீர்கள். கொங்கில் பெருந்துறை, காங்கயம், அந்தியூர், தணாயக்கன்கோட்டை எல்லாம் தாலுகாக்களாக இருந்து கலைந்தவை. தணாயக்கன்கோட்டை இப்போது பவானிசாகர் அணைக்கு அடியில் கிடக்கிறது. கொள்ளேகால் 1956 வரை கோயம்புத்தூரோடு இருந்தது. வட ஆற்காட்டுக் கலெக்டர் 1911 வரை சித்தூரில் இருந்தார்.

மூன்றாவது, ஊர் அயனா (சர்க்கார் ஊர்), ஜமீனா, இனாமா (வரிச்சலுகை மானியம்)? தேடல் பெரும்பாலும் இங்கேதான் முட்டுகிறது. 1802-ல் நிரந்தரக் குத்தகை முறை வந்தபோது ஜாகீரை 61 மிட்டாவாக (சிறு ஜமீன்) வெட்டி ஏலம் போட்டார்கள். சேலத்தில் இருநூறுக்கும் மேல். மிட்டாவுக்குள் போன ஊருக்குக் கலெக்டர் கச்சேரியில் ஒரே வரிதான் இருக்கும்: மிட்டாதார் கட்டவேண்டிய பேஷ்கஷ். ஊர்க்கணக்கு மிட்டாதாரின் வீட்டில். பல மிட்டாதார்கள் சில ஆண்டுகளிலேயே கிஸ்தி கட்ட முடியாமல் நொடித்து, ஊர் மறுபடி சர்க்காருக்கு வந்தது. அப்போது கணக்கும் மறுபடி தொடங்கும். நடுவில் ஐந்து, பத்து ஆண்டு வெற்றிடம் இருந்தால் தாள் தொலைந்தது என்று முடிவுகட்ட வேண்டாம், மிட்டாக் காலமா என்று பாருங்கள். இராமநாதபுரம், சிவகங்கை போன்ற பெரிய ஜமீன்களில் இந்த வெற்றிடம் நூறாண்டுக்கு மேல் நீளும்.

நான்காவது, நிலத்தின் எண். 1860-களுக்கு முந்திய தாளில் சர்வே நம்பர் இருக்காது, பைமாஷ் (பழைய நில அளவை) எண் இருக்கும். இரண்டுக்கும் நேர்த் தொடர்பு கிடையாது. ஒரு பைமாஷ் எண் மூன்று சர்வே எண்ணாக உடைந்திருக்கும், இரண்டு பைமாஷ் ஒரு சர்வேயாகக் கலந்திருக்கும். நான்கெல்லை எழுதியிருந்தால் அதை மட்டும் நம்புங்கள்: கிழக்கே வாய்க்கால், மேற்கே இன்னார் பாத்தியம்.

கடைசியாக, ஜட்ஜின் ஜில்லாவைத் தனியாகத் தேடுங்கள். வருவாய்த் தாளில் கிடைக்காத ஊர்த் தகராறு பெரும்பாலும் அங்கே கிடைக்கும்.

12 பிப்ரவரி. சுவடிப்பெட்டி

நான்காவதில் ஒரு சேர்க்கை. பைமாஷ் கணக்கில் பரப்பு உள்ளூர் அளவில் இருக்கும். மன்றோ நிஜாம் சீமையில் 33 அடிச் சங்கிலியால் அளந்ததால் 40 குண்டா சரியாக ஓர் ஏக்கர் ஆகிறது, அங்கே மாற்றுவது எளிது. தமிழ்ச் சீமையில் கோலின் நீளமே ஊருக்கு ஊர் வேறு. அந்த ஊர்க் குழி எத்தனை அடிக்கோல் என்று கணக்கின் தலைப்பில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியில்லை என்றால் ஏக்கராக மாற்றாமல் அப்படியே விட்டுவிடுவது நல்லது.

12 பிப்ரவரி. கொங்குவாசி

தலைப்பில் கோல் அளவு இல்லை. நான்கெல்லை இருக்கிறது, வடக்கே ஒரு வாய்க்கால், தெற்கே கோயில் மானியம். பணம் 10-க்கு ஒரு வராகன் ஏறுகிறது.

12 பிப்ரவரி, இரவு. எல்லைக்கல்

அப்படியென்றால் கண்டீரவக் கணக்கு. கும்பினி கைக்கு வந்து மூன்றாவது பசலி ஓடுகிறது, கணக்குப்பிள்ளை இன்னும் மைசூர் முறையிலேயே எழுதிக்கொண்டிருக்கிறார். தாளில் ஜில்லா இல்லாததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். அவருக்குத் தாலுகாக் கச்சேரி வரைதான் தெரிய வேண்டியிருந்தது. கோயில் மானியம் எந்தக் கோயிலுடையது என்று பாருங்கள். அந்த இனாம் 1860-களில் இனாம் கமிஷன் முன் பதிவாகியிருந்தால், அங்கே ஊரின் பழைய தாலுகாவும் பைமாஷ் பரப்பும் சேர்ந்தே எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். தெற்கெல்லையிலிருந்து தொடங்குங்கள்.